விலை நம் கையில் இல்லை

ரங்கூனில் பருப்பு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தமிழ்நாட்டில் நீங்கள் அரைக்கும் இட்லி மாவில் எங்கள் ஊர் உளுந்து இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பர்மாக்காரர்கள் உளுந்தை அதிகம் சாப்பிடுவதில்லை. பெகு, ஐராவதி பக்கம் மழைக்கால நெல்லை அறுத்த கையோடு, நிலத்தில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே உளுந்தை விதைத்துவிடுவார்கள். மாசி, பங்குனியில் அறுவடை. அதில் பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்குத்தான் போகிறது. விளைவது இங்கே, தின்பது அங்கே, விலை ஏறுவதும் இறங்குவதும் டெல்லியில் போடும் ஒரு கையெழுத்தில். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு நிம்மதியைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள்தான். ஆனாலும் நிம்மதி பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சமும் இந்தக் கிடங்கில் கற்றதுதான்.

2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு அளவு வைத்தது. துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். அதுவரை தடையில்லாமல் போய்க்கொண்டிருந்த சரக்கு. ரங்கூனின் பயின்னாங் மொத்தச் சந்தையில் விலை சரிந்தது. வாங்கிவைத்தவர்கள் எல்லோரும் போனும் கையுமாக நின்றார்கள். எங்கள் கிடங்கிலும் கூரையைத் தொடும் அளவுக்கு மூட்டைகள். முதலாளி என்ன சொல்லப்போகிறாரோ என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, மூட்டையில வண்டு விழுந்திருக்கான்னு பாத்தீங்களா?"

அன்று முழுக்க அதுதான் வேலை. குத்தூசி போட்டு மூட்டைக்கு மூட்டை மாதிரி எடுத்தோம். ஈரப்பதம் பார்த்தோம். சுவரோடு ஒட்டியிருந்த அடுக்கைப் பிரித்து, அடியில் மரக்கட்டை கொடுத்து, காற்றுப் போக இடம் விட்டு மறுபடி அடுக்கினோம். ஈரமானவற்றைத் தனியே எடுத்துக் காய வைத்தோம். சாயங்காலம் விலை இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் காலையில் இருந்த நடுக்கம் யாரிடமும் இல்லை. விலையை நாங்கள் பிடித்து நிறுத்த முடியாது. வண்டை நிறுத்தலாம். வேலை செய்த உடம்புக்குக் கவலைப்பட நேரம் குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம் டீ குடிக்கும்போது முதலாளி இன்னொன்றும் சொன்னார். 2016-17இல் இந்தியாவில் பருப்பு விளைச்சல் ஏறத்தாழ 2.3 கோடி டன், அதுவரை காணாத அளவு. அங்கேயும் பல சந்தைகளில் ஆதரவு விலைக்குக் கீழே விற்றது. "அவன் ஊரு விவசாயியை விட்டுட்டு நம்மளையா பாப்பான்?" என்றார். நஷ்டம் இதனால் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கோபம் மட்டும் குறைந்தது. எதிர்ப்பக்கம் இருப்பவனுக்கும் ஒரு கஷ்டம் உண்டு என்று தெரிந்துகொண்டால், நடந்ததை ஏற்றுக்கொள்வது பாதி சுலபமாகிவிடுகிறது.

முதலாளிக்கு இந்தப் பக்குவம் சும்மா வந்ததில்லை. தாத்தா சிவகங்கைப் பக்கம், இவர் பிறந்தது ரங்கூன். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரை விட்டுப் போனார்கள். இவர் குடும்பம் போகவில்லை. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் மாற்றிக்கொள்ள வழியே இல்லாமல் ஒரே நாளில் செல்லாமல் போயின. அதையும் பார்த்தவர். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, இணையம் நின்று, வங்கிகள் மூடி, பணம் எடுக்க ஊரே வரிசையில் நின்றபோது எங்களைவிட அவருக்குத்தான் பதற்றம் குறைவு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எங்கள் தொழிலில் பொறுத்தவர்களில் சிலர் கிடங்கையே விற்றார்கள். 2021இல் இந்தியா ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டது. அதுவரை தாக்குப்பிடித்தவர்களுக்கு நல்லது நடந்தது, சரி. ஆனால் அமைதியாக இருந்ததால்தான் பிழைத்தார்கள் என்று நான் எழுதினால் அது பொய். அமைதியாக இருந்தவர்களுக்கு ராத்திரி தூக்கம் வந்தது. என் கண்ணால் பார்த்த லாபம் அவ்வளவுதான்.

நன்றியைப் பற்றி இந்த ஊர் வேறு விதமாகச் சொல்லித்தருகிறது. காலையில் பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள். சோறு போடுகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து போடுவார். வாங்குகிறவர் நன்றி சொல்வதில்லை. கொடுக்க வாய்ப்புக் கிடைத்ததே என்று கொடுத்தவர்தான் கும்பிடுகிறார். தெருவுக்குத் தெரு, வழிப்போக்கர் குடிக்க மண்பானையில் தண்ணீர் வைத்திருப்பார்கள். யார் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. நன்கொடை, உதவி பற்றி உலக அளவில் எடுக்கும் கணிப்பில் 2014 முதல் 2017 வரை பர்மாதான் முதலிடம், 2014இல் மட்டும் அமெரிக்காவோடு சேர்ந்து. பணக்கார நாடு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் முதலாளி விபூதி பூசிய நெற்றியோடு பிக்குகளுக்குச் சோறு போடுவார். வாசல் பானையையும் அவரே கழுவி நிரப்புவார், ஆள் வைத்து அல்ல.

ஆனால் இதே நன்றியும் நிறைவும் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு நடத்தும் பாடமாக மாறும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. வெளியூரிலிருந்து வந்த ஒரு வியாபாரி, எங்கள் கிடங்கில் மூட்டை தூக்குபவர்களை நிற்கவைத்து, இருப்பதை வைத்து மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்று நீளமாகப் பேசினார். மொழிபெயர்த்துச் சொன்ன எனக்கே கூச்சமாக இருந்தது. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 1,330 கியாட் அளவில் இருந்தது, பிறகு வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டிவிட்டது. எண்ணெய், அரிசி எல்லாம் அதோடு ஏறியது. ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் ஏற்றி இறக்குகிறவரிடம் போய்ப் போதும் என்ற மனம் வேண்டும் என்றால், அது உபதேசமா, கூலியைக் குறைக்கும் தந்திரமா? முதலாளி எதுவும் பேசவில்லை. அந்த வாரமே சுமைக்கூலியை ஏற்றிக் கொடுத்தார். "கேக்க வெச்சுக் குடுத்தா அது குடுத்த மாதிரியே இல்ல தம்பி" என்றார்.

எல்லாவற்றிலும் அவரோடு ஒத்துப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கரண்ட் போனால் அவர் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார். வரும்போது வரட்டும் என்பது அவர் கட்சி. பாதி அடித்த இன்வாய்ஸோடு இருட்டில் உட்கார்ந்திருப்பவன் நான். ஏற்றுக்கொள்ள வேண்டியது வேறு, சரிசெய்ய முடிவது வேறு என்று வாதாடிப் பார்த்தேன். சிரித்தார். கடைசியில் என் காசிலேயே ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி மேசைக்கு அடியில் வைத்தேன். வீண் செலவு என்றார். இப்போது டீக்கடையிலிருந்து திரும்பியதும் அவர் போனைச் சார்ஜ் போடுவது அதில்தான். போன மாதம் பேட்டரி பில்லைக் கேட்டு வாங்கி, கம்பெனிக் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டார்.