கையில என்ன வெச்சிருக்க?

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் படித்த யாரும் கணக்கு சாரின் குடையை மறந்திருக்க மாட்டார்கள். அது ஜன்னல் கம்பியில் தொங்கினால் அன்றைக்கு ஜோக் உண்டு. மேசைமேல் டொப்பென்று விழுந்தால் கடைசி பெஞ்சு வரை எல்லாருடைய தோளும் காதுக்கு ஏறிவிடும். "சாருக்கு மூடு சரியில்லடா" என்று முன்வரிசையிலிருந்து தகவல் வருவதற்குள் உடம்புக்கு விஷயம் தெரிந்திருக்கும். அப்புறம் அவர் நடத்துவது எதுவும் மண்டையில் ஏறாது. குரல் கேட்கும், சொல் கேட்காது.

நம் பழைய மாணவர் சங்க மலரில் கிரிக்கெட் மேட்ச், கேன்டீன் சமோசா பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நம் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) மாஸ்டரைப் பற்றி ஒருவரும் எழுதாதது எனக்குக் குறைதான். மேஜர் என்று நாம் வைத்த பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது, மறுத்ததில்லை. அவருக்குப் பெரிதாகப் பேச வராது. ஆனால் ஒரு பையனின் உடம்பைப் பார்த்து அவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று சொல்லிவிடுவார்.

குடியரசு தின அணிவகுப்புக்கான ஒத்திகை ஜனவரியில் விடிவதற்கு முன்பே தொடங்கும். திருவல்லிக்கேணியிலிருந்து வாலாஜா சாலை வழியே பூட்ஸ் சத்தத்தோடு பீச் ரோட்டுக்கு நடப்போம். முடிந்ததும் ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி. உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் அதற்காகவே என்.சி.சி.யில் சேர்ந்தவர்கள்.

அப்படி ஒரு விடியலில் என் பக்கத்தில் நிற்க வேண்டிய நண்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். "ஏண்டா லேட்டு?" என்றேன். "உன் வேலையைப் பாரு" என்றான். அவ்வளவுதான். எனக்குப் பல் கடித்துக்கொண்டது, வயிறு உள்ளே இழுத்துக்கொண்டது. ஒத்திகை முடியட்டும், இவனை ஒரு கை பார்க்கலாம் என்று ஸாவ்தானில், அதாவது அட்டென்ஷனில், நின்றுகொண்டிருந்தேன். ஸாவ்தானில் கைகளை மூடி, கட்டைவிரலைக் கால்சட்டைத் தையல்மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த மேஜர் என்னிடம் நின்றார். என் முஷ்டியைப் பிரம்பு நுனியால் தொட்டார்.

"கையில என்ன வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல சார்."

"அப்ப எதுக்கு இவ்ளோ கெட்டியா பிடிச்சிருக்க?"

எதிரே உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்டது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். தொடை, முதுகு, கழுத்து நரம்பு எல்லாம் முறுக்கேறி நிற்கும். அதைக் காட்டி, "அவங்களுக்குப் பாறை இருக்கு. உனக்கு?" என்றார். அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பிறகு உடம்பைத் தளர்த்தி நிற்கச் சொல்லும் 'ஆராம் ஸே' சொன்னதும் எல்லாரையும் ஒன்று செய்யச் சொன்னார். பாதம் அசையக் கூடாது. முதலில் முஷ்டியை முடிந்த மட்டும் இறுக்க வேண்டும், பிறகு விட வேண்டும். அதையே தோளுக்கு, தாடைக்கு, வயிற்றுக்கு. "இறுகுறப்ப எப்படி இருக்குன்னு தெரிஞ்சவனுக்குத்தான் இறுகினது தெரியும்" என்றார். தெரிந்துகொண்ட பிறகு சண்டை போடுவதா வேண்டாமா என்பது பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. போடாதே என்று சொல்லியிருந்தால் கட்டாயம் போட்டிருப்பேன். அன்று போடாததால் வீட்டுக்கு நடக்கும்போது அவனே பேசினான். அப்பா வேலை பார்த்த மில்லில் கதவடைப்பாம், வீட்டில் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லையாம். அவன் கோபத்தில் எனக்குப் பங்கே இல்லை.

நான் பிசியோதெரபி படித்து மெல்பர்னுக்கு வந்தது தனிக்கதை, இங்கே வேண்டாம். படிக்கும்போதுதான் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் முறையைப் பார்த்தேன். தசையை வேண்டுமென்றே இறுக்கி, பிறகு தளர்த்தி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணரப் பழக்குவது. அவர் புத்தகம் 1929-இல் வந்தது. மேஜர் அதைப் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பரேடு மைதானத்திலேயே கண்டுபிடித்திருப்பார்.

உடம்பு ஏன் முந்திக்கொள்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஆபத்து என்று தோன்றிய மாத்திரத்தில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையைத் தொடங்கிவிடும். இதயம் வேகமெடுக்கும், செரிமானம் தள்ளிப் போடப்படும், ரத்தம் தசைகளுக்குத் திரும்பும். சண்டை அல்லது ஓட்டம், இரண்டுக்குமான ஏற்பாடு என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இலேயே எழுதிவிட்டார். புலிக்காக அமைந்த ஏற்பாடு. மேலதிகாரியின் உம்மென்ற முகத்துக்கும் அதேதான் கிளம்புகிறது. என்னிடம் வருகிறவர்களின் கழுத்தடித் தசையை அழுத்தினால் கல்லாக இருக்கும். "எப்போதிலிருந்து வலி?" என்றால் தேதி சொல்ல மாட்டார்கள், ஒரு ஆளின் பெயரைச் சொல்வார்கள்.

இன்று இதையே ஆபீஸ்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத் தருகிறார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை. தோளைத் தளர்த்தினால் கோபம் போய்விடும் என்கிறார்கள். போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. சம்பளத்தைப் பிடித்து வைத்திருப்பவனிடம் கோபப்படாமல் வேறு எங்கே படுவது? தோள் இறங்கிய பிறகு கேட்டால் கேள்வி ஒழுங்காக வரும், அவன் சொல்லும் பதிலும் காதில் விழும். அவ்வளவுதான் லாபம். சிடுசிடுப்போடு உள்ளே வருகிற நோயாளியைப் பார்த்து இன்றும் என் தாடை இறுகத்தான் செய்கிறது. அதைக் கவனித்து, ஒரு மூச்சு விட்டுவிட்டு, "உட்காருங்க" என்கிறேன். சிலர் அப்படியும் சிடுசிடுப்பாகவேதான் இருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பிலும் அதே கதைதான். குடை அடுத்த தடவை விழுந்தபோது தோளை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்கு சாரின் கோபம் குறையவே இல்லை. ஆனால் அவர் கத்திக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: அலமாரியில் இருந்த பெரிய காம்பஸை யாரோ எடுத்துவிட்டார்களாம். பக்கத்து வகுப்பில் இருந்தது. போய் எடுத்து வந்தேன்.

போன மாதம் நம் சங்கக் கூட்டத்தில் மண்டப முன்பணம் பற்றிப் பேச்சு வந்தபோது முன்வரிசை முழுக்கத் தோள்கள் காதுக்கு ஏறியதைப் பார்த்தேன். பெரும்பாலும் பழைய என்.சி.சி. பையன்கள். நான் பின்னாலிருந்து "ஆராம் ஸே" என்றேன். சிரித்தார்கள். பொருளாளர் மட்டும் சிரிக்கவில்லை. ரசீதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.