நரம்புக்கு ஒரு மாத்திரை

மருந்துக் கம்பெனியின் நியூரோ-சைக் (நரம்பு, மனநல மருந்துகள்) டிவிஷனில் சேரும் மெடிக்கல் ரெப்புக்கு, அதாவது விற்பனைப் பிரதிநிதிக்கு, முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு கணக்கு புரிந்துவிடும். மனநல மருத்துவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் டார்கெட் எட்டாது. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. பரவலாகச் சொல்லப்படும் எண் 0.75. அந்தச் சிலரின் வாசலில்தான் எல்லாக் கம்பெனி ஆட்களும் நிற்கிறார்கள். அவர்களுக்கு மூலக்கூறு தெரியும், போட்டி பிராண்டின் விலை தெரியும், ரெப் எந்த இடத்தில் புளுகுகிறார் என்பதும் தெரியும். ஆகவே விற்பனை வளர வேண்டிய இடம் வேறு: பொது மருத்துவர், இதய மருத்துவர், குடல் மருத்துவர், மகப்பேறு மருத்துவர், தெருமுனை எம்.பி.பி.எஸ். டாக்டர்.

இவர்களிடம் யாரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று வந்து உட்காருவதில்லை. படபடப்பு, தூக்கமில்லை, உடம்பெல்லாம் எரிச்சல், கேஸ் நெஞ்சுக்கு ஏறி அடைக்கிறது, தலை கிர்ரென்கிறது. ஈசிஜி நார்மல், எண்டோஸ்கோப்பி நார்மல், தைராய்டு நார்மல். வெளியே பெஞ்சில் இன்னும் நாற்பது பேர். டாக்டரிடம் இருப்பது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்குத் தோதான மருந்தைத்தான் கம்பெனிகள் தயாரித்து வைத்திருக்கின்றன. நோயாளிக்குச் சொல்ல வேண்டிய வாசகமும் பழகிப்போனது: “நரம்புக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கேன். ராத்திரி சாப்பிட்டதும் போட்டுக்குங்கம்மா.”

டாக்டர்களைக் கம்பெனி வளைக்கிறது என்றால் பலருக்கும் பாங்காக் பயணமும் தங்கக் காசும்தான் நினைவுக்கு வரும். அவையும் நடந்தவைதான். ஆனால் அன்றாட வேலை மிகவும் சலிப்பானது, அதனாலேயே கண்ணில் படாதது. காலையில் மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவு, மதியம் ஸ்டாக்கிஸ்ட்டும் மருந்துக் கடைகளும், மாலை ஆறிலிருந்து பத்து வரை கிளினிக்குகள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டாக்டர், ஐந்தாறு கடை. டாக்டர் முன்னால் கிடைப்பது ஒரு நிமிடம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அதற்குள் பிராண்ட் பெயர் மூன்று முறை காதில் விழவேண்டும். அதைவிட முக்கியம், ஒரு நோயாளியின் முகம் டாக்டர் மனத்தில் தோன்றவேண்டும். “கேஸ்னு வருவாங்க சார், டெஸ்ட் எல்லாம் நார்மலா இருக்கும், தூக்கம் மட்டும் இருக்காது. அவங்களுக்கு மட்டும் போதும் சார்.” அந்த ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் வேலை இருக்கிறது. கேட்பது சின்ன உதவி போலத் தோன்றும். காலையில் வந்துபோன நான்கு பேர் டாக்டரின் நினைவில் அப்போதே வந்துவிடுவார்கள்.

“வாரம் அஞ்சு பேஷண்ட் சார்” என்பது வழக்கமான கோரிக்கை. ஆன்டிபயாடிக் விற்கும் ரெப்பும் இதையேதான் கேட்பார், ஆனால் அது ஐந்து நாளில் முடிந்துவிடும் மருந்து. மனநல மருந்தின் கணக்கு வேறு. வாரம் ஐந்து என்றால் மாதம் இருபது, வருடத்தில் 240 பேர். பாதிப் பேர் விட்டுவிட்டாலும் வருடக் கடைசியில் 120 பேர் தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கு மாதம் மூன்று பட்டை (பத்து மாத்திரை கொண்ட அட்டை), மொத்தம் 360 பட்டை. இத்தனையும் ஒரே டாக்டரிடமிருந்து. ‘க்ரானிக் பிராண்ட்’ என்று இந்த டிவிஷனைத் தொழிலில் மரியாதையாகச் சொல்வது இதனால்தான்.

சொன்னபடி எழுதுகிறாரா என்று டாக்டரிடம் கேட்க வேண்டியதில்லை. அதற்கு ஆர்சிபிஏ, அதாவது மருந்துக் கடையில் நடக்கும் சீட்டுத் தணிக்கை, இருக்கிறது. கிளினிக்கை ஒட்டிய மருந்துக் கடையில் போய் நின்று, விற்பனைப் பையனோடு ஒரு டீ குடித்து, எந்த டாக்டர் சீட்டில் எந்த பிராண்ட் எத்தனை பட்டை போயிருக்கிறது, போட்டிக் கம்பெனிக்கு எவ்வளவு என்று எண்ணி ஆப்பில் ஏற்றுவது. “எழுதறேன்ப்பா” என்று டாக்டர் சொன்னதும், கடையில் மூன்றே பட்டை போனதும் அன்று இரவே ஏரியா மேனேஜருக்குத் தெரிந்துவிடும். தன் சீட்டு இப்படி எண்ணப்படுவது நோயாளிக்குத் தெரியாது. பல டாக்டர்களுக்கும் எவ்வளவு நுணுக்கமாக எண்ணப்படுகிறது என்பது தெரிவதில்லை.

இனி அந்த மாத்திரைக்கு வருவோம். மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., அமைதியூட்டியான குளோனசெபம் 0.5 மி.கி. இரண்டும் ஒரே மாத்திரையில். விற்பனைக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி அமைவது அரிது. எஸ்சிட்டலோபிராம் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் பதற்றமும் கூடுவதும் உண்டு. தனியாகக் கொடுத்தால் நோயாளி ஐந்தாம் நாள் திரும்பி வந்து “இது ஒத்துக்கல டாக்டர்” என்பார். குளோனசெபம் ஒரு மணி நேரத்துக்குள் ஆளை அமைதிப்படுத்திவிடும். முதல் இரவே தூக்கம். மறுநாளே டாக்டர் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார்.

தொடக்கத்தில் சில வாரம் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் மருத்துவ நியாயம் உண்டு. மனநல மருத்துவர்களும் அப்படித் தொடங்குவதுண்டு. ஆனால் குளோனசெபம் அடங்கிய பென்சோடயாசெபைன் வகை அமைதியூட்டிகளை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்பதே பொதுவான வழிகாட்டுதல். எஸ்சிட்டலோபிராமோ, பலன் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டிய மருந்து. நான்கு வாரத்தில் நிறுத்த வேண்டியதையும் ஆறு மாதம் தொடர வேண்டியதையும் ஒரே மாத்திரையில் அழுத்தி வைத்தால் ஒன்றை மட்டும் நிறுத்த வழியில்லை. அளவைக் கூட்ட நினைத்து இரண்டு மாத்திரையாக எழுதினால் குளோனசெபமும் 1 மி.கி. ஆகிவிடும். எழுபது வயதுக்காரருக்கு இது இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் இடுப்பெலும்பு முறிவாக முடியும். மறதி கூடும், குடும்பம் அதை வயதின் கணக்கில் எழுதிவிடும். எஸ்சிட்டலோபிராமே முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துக் குழப்பத்தை உண்டாக்கக்கூடியது.

வயிறு வழியாக நுழையும் மருந்துகள் பற்றி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. அமிலத்தைக் குறைக்கும் ரபெப்ரசோல் 20 மி.கி., லெவோசல்பிரைடு 75 மி.கி.: காலையில் வெறும் வயிற்றில் போடும் ‘கேஸ் மாத்திரை’. லெவோசல்பிரைடு என்பது டோபமைன் ஏற்பியை அடைக்கும் மருந்து; மனச்சிதைவுக்குப் பயன்படும் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. குறைந்த அளவில் இரைப்பையின் அசைவைத் தூண்டும், அது உண்மை. ஆனால் மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கை நடுங்கும், நடை சுருங்கும், முகம் இறுகும். பெண்களுக்கு ப்ரோலாக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்) உயர்ந்து மாதவிடாய் தள்ளிப்போகலாம், மார்பில் பால் கசியலாம். நடுக்கத்தோடு வரும் முதியவருக்குப் பார்க்கின்சன் மருந்து தொடங்குவதற்கு முன் “வயித்துக்கு என்ன மாத்திரை போடறீங்க?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறையும். எல்லோருக்கும் முழுதாகச் சரியாகிவிடும் என்று சொல்லமுடியாது. குளோர்டயசெபாக்சைடு 5 மி.கி.யோடு கிளிடினியம் சேர்த்து வரும் பழைய குடல் மாத்திரையும் இதே ரகம். அதில் இருப்பது பென்சோடயாசெபைன். எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. விற்கும் கடை நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வாங்கிப் போகிறவருக்கு அது வயிற்று மாத்திரைதான்.

ஃப்ளுபென்டிக்சால் (மனச்சிதைவு மருந்து), மெலிட்ராசென் (மனச்சோர்வு மருந்து) கூட்டு மருந்தின் கதை இதில் தனி ரகம். டென்மார்க் கம்பெனியின் மருந்து, டென்மார்க்கிலேயே விற்க அனுமதி இல்லாதது. அதை 2012 மே மாதம் நாடாளுமன்ற நிலைக்குழு தனது 59வது அறிக்கையில் சுட்டிக்காட்டியது. 2013 ஜூனில் அரசு தடை விதித்தது, பிறகு விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

இது நம் ஊர்ச் சீக்கு என்று நினைக்க வேண்டாம். ஒலான்சபின் அமெரிக்காவில் மனச்சிதைவுக்கும் இருதுருவக் கோளாறுக்கும் அனுமதி பெற்ற மருந்து. அதைத் தயாரித்த எலி லில்லி கம்பெனி அதை மறதிநோய் முதியவர்களுக்கென்று பராமரிப்பு இல்லங்களில் விற்றது, குடும்ப டாக்டர்களிடமும் கொண்டுபோனது. இல்லங்களுக்குப் போன விற்பனைப் படைக்குத் தரப்பட்ட முழக்கம் ‘அஞ்சு மணிக்கு அஞ்சு’. மாலை ஐந்து மணிக்கு 5 மி.கி. கொடுத்தால் இரவு முழுக்கத் தொந்தரவு இருக்காது என்பது பொருள். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. இந்த விற்பனைக்காக 2009 ஜனவரியில் கம்பெனி 141.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பேசத் தெரிந்த நிபுணரை விட்டுவிட்டு, நேரமில்லாத இடத்துக்கு மருந்தைக் கொண்டுபோவது அங்கும் அதே உத்திதான்.

ரெப் கையில் கொடுக்கும் ஆய்வுக் கட்டுரை பெரும்பாலும் பொய்யில்லை. அச்சுக்கு வராதது எது என்பதுதான் கேள்வி. 2008இல் எரிக் டர்னர் குழுவினர், 12 மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளைத் தேடி எடுத்தார்கள். சாதகமாக அமைந்தவை 38, அவற்றில் 37 வெளிவந்தன. மீதி 36இல் 22 வெளியாகவே இல்லை, 11 சாதகமாகத் தோன்றும்படி எழுதப்பட்டன, மூன்று மட்டுமே உள்ளபடி வந்தன. இத்தனைக்கும் பெரிய பரிசு எதுவும் தேவைப்படுவதில்லை. 2016இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 20 டாலருக்கும் குறைந்த மதிப்புள்ள சாப்பாட்டை ஒரே ஒரு முறை ஏற்ற டாக்டர்கள் டெஸ்வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தின் பிராண்டை எழுதும் வாய்ப்பு விகிதம், சாப்பாடு ஏற்காதவர்களோடு ஒப்பிட்டால், 2.18 ஆக இருந்தது. சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, தொடர்பைத்தான் காட்டியது. ஆனாலும் கம்பெனிகள் கணக்குப் பார்க்காமல் சோறு போடுவதில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. 2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில் டாக்டர்கள் பரிசு வாங்கக்கூடாது என்றது. அது வாங்கும் கையைத்தான் கட்டியது, கொடுக்கும் கையை அல்ல. 2022 பிப்ரவரியில், சென்னை அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில், டாக்டர்களுக்குத் தந்த தங்கக் காசு, ஃபிரிட்ஜ், டிவி போன்றவற்றைத் தொழில் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு கேட்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இத்தனை பரிசும் கொடுத்து விற்றது வெறும் சத்து மாத்திரை என்பது கொசுறுத் தகவல். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த கடுமையான விதிகள் மூன்று வாரத்துக்குள் நிறுத்திவைக்கப்பட்டன. 2024 மார்ச்சில் வந்த சந்தைப்படுத்தல் நெறிமுறையின்படி நினைவுப் பொருள் ஒன்றின் மதிப்பு 1,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, தூக்க மருந்துகளையும் அமைதியூட்டிகளையும் சாம்பிளாகத் தரவே கூடாது, உரையாற்றுபவர் தவிர வேறு டாக்டர்களுக்குப் பயணச் செலவு கூடாது. புகார் வந்தால் விசாரிப்பது கம்பெனிகளின் சங்கமே அமைக்கும் குழு. ஆகவே செலவுகள் உரைக் கட்டணம், ஆலோசனைக் குழு, ‘சர்வே ஃபார்ம்’ என்ற தலைப்புகளுக்கு இடம் மாறுகின்றன. சட்ட பலம் உள்ள விதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் கூட்டமைப்பும் உண்டு. இதை டாக்டர்கள் அதிகம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலக் கோளாறு உள்ளவர்களில் நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை. தேவைப்படுகிறவருக்கு எஸ்சிட்டலோபிராம் மறுக்கப்படுவதும், தேவையில்லாதவர் ஐந்து வருடம் குளோனசெபம் விழுங்குவதும் ஒரே தெருவில் நடக்கின்றன. விற்பனைக் கூட்டத்தின் திரையில் அந்த 92 சதவீதம் ‘சந்தை வாய்ப்பு’ என்ற தலைப்பில்தான் வரும்.

நிறுத்துவது எப்படி என்பதற்குத் திரையில் பக்கமே கிடையாது. கொஞ்சம் பொறுமை இருந்தால் செய்யக்கூடிய வேலைதான். முதலில் கூட்டு மாத்திரையைப் பிரித்து எழுதவேண்டும்: எஸ்சிட்டலோபிராம் 10 ஒரு வரியில், குளோனசெபம் 0.5 அடுத்த வரியில். இரண்டையும் ஒரே சமயத்தில் குறைத்தால் வரும் தொந்தரவு எதனால் என்று தெரியாமல் போய்விடும். குளோனசெபம் 0.25 மி.கி. மாத்திரையாகவும் கிடைக்கிறது; ஒன்றரை மாத்திரை என்றால் 0.375. இரண்டு வாரம் அதிலேயே நிற்கவேண்டும். பிறகும் இதேபோலப் படிப்படியாகத்தான். இரண்டு வாரத்துக்குக் கால்வாசிக்கு மேல் குறைக்கக்கூடாது என்பது வெளி எல்லை. வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு இந்த வேகமே அதிகம். அவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்ற அளவில் போகவேண்டும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் இது நோயாளி தானாகச் செய்யும் காரியம் அல்ல. வலிப்பு நோயும் குடிப்பழக்கமும் உள்ளவர்கள் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. குளோனசெபம் முடிந்து சில வாரம் நிலையாக இருந்த பிறகு எஸ்சிட்டலோபிராமின் முறை: 10, 5, 2.5. இதை வேகமாகக் குறைத்தால் தலைக்குள் மின்சாரம் சொடுக்குவது போல இருக்கிறது என்பார்கள்.

இந்தப் பயணத்தில் மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ தூக்கம் கெடும், படபடப்பு வரும். அதை ‘நோய் திரும்பிவிட்டது’ என்று டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவுகட்டி மாத்திரையை மீண்டும் தொடங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வந்திருப்பது மருந்தைக் குறைப்பதால் வரும் விலகல் தொந்தரவா, பழைய நோயா என்று பிரித்தறிய மருந்து தொடங்குவதற்கு முன் என்னென்ன அறிகுறி இருந்தன என்ற குறிப்பு வேண்டும். நான்கு நிமிடக் கிளினிக்கில் அந்தக் குறிப்பை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

சில டாக்டர்கள் தொடக்கத்திலேயே கூட்டு மாத்திரையைத் தொடுவதில்லை. இரண்டு வரியாக எழுதி, குளோனசெபம் வரியின் பக்கத்தில் ‘14 நாள் மட்டும், பிறகு வேண்டாம்’ என்று தமிழில் எழுதிக் கடைக்காரர் கண்ணில் படும்படி கோடிட்டுவிடுவார்கள். அடுத்த ஆர்சிபிஏயில் அவர்கள் பெயருக்கு நேரே பட்டை எண்ணிக்கை விழுந்துவிடும். மூன்று மாதம் இப்படிப் போனால் ரெப்பின் பட்டியலில் அவர்களை ‘ஏ’ வகையிலிருந்து ‘சி’ வகைக்கு மாற்றி, மாதம் மூன்று முறை பார்க்கப் போனவர் ஒருமுறை போனால் போதும் என்று மேனேஜர் சொல்லிவிடுவார்.