தலை எலும்பைத் திரும்ப வைக்கும் ஆபரேஷன்: எந்தப் பொருள் என்பது மூன்றாவது கேள்வி

"தலையில எலும்பை எடுத்து வயித்துல வச்சிருக்காங்க." தமிழ்நாட்டில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் அறுவைப் பிரிவுக்குப் போனாலும் வராந்தாவில் இந்தப் பேச்சு காதில் விழும். பைக் விபத்தில் தலையில் அடிபட்டு மூளை வீங்கினாலோ, பெரிய ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்து பாதி மூளை ஊதினாலோ, உயிரைக் காப்பாற்ற மண்டை ஓட்டின் ஒரு பக்கத்தை எடுத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு இது குறைந்தது 12 x 15 செ.மீ. இருக்க வேண்டும். சின்னதாகத் திறந்தால் வீங்கிய மூளை எலும்பின் விளிம்பில் நெரிபட்டு அங்கேயே ரத்த ஓட்டம் நின்றுவிடும். கட்டின் மேல் பெரிய எழுத்தில் 'இடது பக்கம் எலும்பு இல்லை' என்று எழுதி வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பவர்கள் அந்தப் பக்கம் அழுத்திவிடக் கூடாது என்பதற்காக.

வீக்கம் வடிந்த பிறகு அந்த ஓட்டையை மூடும் அறுவை சிகிச்சைதான் க்ரேனியோபிளாஸ்டி. குடும்பத்தார் முதலில் கேட்பது "சொந்த எலும்பா, டைட்டானியமா, வேற ஏதாவதா?" என்றுதான். என் கணக்கில் அது மூன்றாவது கேள்வி. தலைத்தோல் எப்படி இருக்கிறது, மூளை நீரின் (மூளைக்குள்ளும் அதைச் சுற்றியும் ஓடும் நீர்) அழுத்தம் எப்படி இருக்கிறது, இந்த இரண்டும் அதற்கு முன்னால் வர வேண்டும். வைத்த பொருள் சரியில்லாமல் கெட்டுப்போவதைவிட, தோல் பிரிந்தும் கிருமி புகுந்தும் கெட்டுப்போவதே அதிகம்.

இது வெறும் அழகுக்கான ஆபரேஷன் என்று நினைத்துத் தள்ளிப்போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலும்பு இல்லாத இடத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தோல் வழியாக நேராக மூளை மேல் விழுகிறது. உட்கார்ந்தால், நின்றால் அந்த இடம் குழி விழும். மூளை நீரின் ஓட்டமும் அடியிலுள்ள மூளையின் ரத்த ஓட்டமும் குறையும். எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, கிறுகிறுப்பு, எதிலும் மனம் செல்லாமை, எரிச்சல் எல்லாம் வரும், படுத்தால் தணியும். கிராண்ட், நார்கிராஸ் என்ற மருத்துவர்கள் இருவரும் 1939-லேயே இந்தத் தொகுப்பை விவரித்துவிட்டார்கள். தோல் உள்வாங்கி, தேறிவந்த கை மறுபடி பலம் குறைவதும், வந்த பேச்சு மறுபடி குழறுவதும் இதன் முற்றிய நிலை. பிசியோதெரபியில் முன்னேறிக்கொண்டிருந்தவர் காரணமில்லாமல் பின்னுக்குப் போனால் முதலில் அந்தக் குழியைப் பாருங்கள். எலும்பு வைத்த சில நாட்களிலேயே நடையும் பேச்சும் தெளிவது உண்டு.

இதிலேயே அவசர நிலை ஒன்றும் இருக்கிறது. குழி ஆழமாக இருப்பவருக்கு முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தாலோ, ஷண்ட் (மூளை நீரை வெளியே வடிக்க உள்ளே வைக்கும் குழாய்) அளவுக்கு மீறி நீரை வடித்தாலோ மூளை உள்ளே சரிந்து நினைவு மங்கும். வழக்கமான அழுத்தக் கூடுதலுக்குச் செய்வதுபோல் தலையை உயர்த்தி மானிடால் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) கொடுத்தால் நிலைமை மோசமாகும். தலையைத் தாழ்த்த வேண்டும், ரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்ற வேண்டும், நீர் வடிவதை நிறுத்த வேண்டும்.

எடுத்த எலும்பு எங்கே இருக்கிறது? வயிற்றுத் தோலுக்கும் தசைக்கும் நடுவே, கொழுப்பில் பை போல ஓர் இடம் செய்து வைப்பது ஒரு வழி. செலவில்லை, நோயாளி எந்த ஊருக்குப் போனாலும் எலும்பு கூடவே போகும். மெலிந்தவர்களுக்கு அது துருத்திக்கொண்டு உறுத்தும், இரண்டாவதாக ஒரு காயமும் சேரும், நாளாக நாளாக விளிம்பு கரையும். பின்னால் ஷண்ட் குழாயோ வயிற்றில் உணவு செலுத்தும் குழாயோ வரக்கூடிய பக்கத்தை விட்டு மறுபக்கம் வைப்பது நல்லது. இன்னொரு வழி, மைனஸ் 70 முதல் 80 டிகிரி வரையிலான உறைபெட்டி. எலும்பைக் கழுவி, கிருமிப் பரிசோதனைக்குத் துடைத்தெடுத்து அனுப்பி, கிருமி நீக்கிய உறைகளில் அடுக்கடுக்காகச் சுற்றி, பெயரும் தேதியும் பக்கமும் எழுதி வைக்க வேண்டும். கரண்ட் போனால் அலாரம் அடிக்கும் ஏற்பாடும் மாற்று மின்சாரமும் இல்லாத உறைபெட்டியை நம்பக் கூடாது. சில இடங்களில் எலும்பை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் பெட்டி) வைத்துச் சுத்தம் செய்து பொருத்துகிறார்கள். கிருமி சாகும், ஆனால் எலும்பை மறுபடி உயிர்ப்பிக்க உதவும் புரதங்களும் அதோடு போய்விடும். பிறகு கரைந்து போக வாய்ப்பு அதிகம்.

எப்போது வைப்பது? வழக்கமாக 3 முதல் 6 மாதத்துக்குள். தோல் ஆறி, மூளை தட்டையாகி, கிருமி எதுவும் இல்லையென்றால் 3 மாதத்துக்கு முன்பே செய்வதில் பலன் உண்டு. தோலும் மூளை உறையும் இன்னும் ஒன்றோடொன்று இறுகியிருக்காது. எலும்பில் சீழ் பிடித்து எடுத்திருந்தால் கதை வேறு. அப்போது 6 மாதமாவது பொறுக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் தழும்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பொருக்கு தட்டிய இடம், தையல் நூல் முனை எட்டிப் பார்க்கும் சின்னத் துவாரம், காகிதம்போல் மெலிந்து பளபளக்கும் தோல், இவற்றில் எது இருந்தாலும் அதைச் சரிசெய்யாமல் அடியில் எதையும் வைக்கக் கூடாது. தேவைப்பட்டால் பிளாஸ்டிக் சர்ஜனையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். படுக்கைப் புண், சிறுநீர்க் கிருமி, தொண்டைத் துளையில் சளி, சொத்தைப் பல், கட்டுப்படாத சர்க்கரை, இவையெல்லாம் கிருமிக்கு வழிவிடுபவை. உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். பார்க்க வேண்டும். சி.டி. ஸ்கேன் 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய துண்டுகளாக இருக்க வேண்டும்; 5 மி.மீ. ஸ்கேனைக் கொண்டு செய்த தகடு விளிம்பில் சரியாக உட்காராது. அதே ஸ்கேனில் மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகள் பெருத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மூளை வெளியே பிதுங்கி நிற்கும்போது எலும்பை அழுத்தி மூட முடியாது. முதலில் நீரை வடிக்க வழி செய்ய வேண்டும். ஷண்ட் போட்டு ஆழமாகக் குழிந்திருந்தால் நேர்மாறு: வால்வின் அழுத்தத்தை முன்கூட்டியே உயர்த்தியோ, குழாயைத் தற்காலிகமாகக் கட்டியோ மூளையை மேலே வரவிட வேண்டும்.

கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து, பெரியவர்களுக்கு 2 கிராம். வலிப்பு மாத்திரை அன்று காலையும் தவறக் கூடாது. மரத்துப்போக ஊசி போடும்போது அடியில் எலும்பு உள்ள பக்கமாகவே போட வேண்டும். ஓட்டையின் மேல் ஊசி இறங்கினால் நேராக மூளை. பழைய தழும்பையே திறக்க வேண்டும். புதிதாக இணையாக ஒரு கோடு கீறினால் நடுவிலுள்ள தோல் பட்டை ரத்தம் இல்லாமல் கறுத்துவிடும்.

இந்த ஆபரேஷனின் கஷ்டமான பகுதி தோலை மூளை உறையிலிருந்து பிரிப்பது. எலும்பு விளிம்பைச் சுற்றி முதலில் அடையாளம் கண்டு, அங்கிருந்து ஓட்டையின் நடுவை நோக்கி வர வேண்டும். உறையின் மேல் சூடு வைக்கும் கத்தியைப் பயன்படுத்தினால் மெல்லிய இடத்தில் சூடு மூளைக்கே போகும். அதனால் கூர்கத்தியும் கத்தரியும்தான். பொட்டுத் தசை உறையோடு ஒட்டியிருக்கும். அவசரத்தில் அதை அப்படியே விட்டு மேலே எலும்பை வைத்தால் பொட்டு பள்ளமாகத் தெரியும், மெல்லும்போது வலிக்கும். பொறுமையாகத் தூக்கித் தோலோடு சேர்த்தால் எலும்பின் வெளிப்பக்கம் திரும்ப உட்காரும். இடையில் உறை கிழிந்தால் அப்போதே தைத்து நீர் கசியாமல் அடைக்க வேண்டும். கசியும் நீர் தழும்பைத் தேடி வெளியே வரும், அதே வழியில் கிருமி உள்ளே போகும்.

விளிம்பை முழுவதும் சுரண்டிச் சுத்தமாக்கினால்தான் சொந்த எலும்பு ஒட்டும். உறையை எலும்பு விளிம்பில் சுற்றிலும் தைத்துத் தூக்கிப் பிடித்து, நடுவிலும் எலும்பில் துளையிட்டு ஒரு தையல் போட வேண்டும். இல்லையென்றால் எலும்புக்கும் உறைக்கும் இடையே உள்ள வெற்றிடம் ரத்தத்தால் நிறையும். டைட்டானியம் மினிபிளேட் குறைந்தது மூன்று இடத்தில், 1.5 மி.மீ. தடிமனில் 4 அல்லது 5 மி.மீ. நீள ஸ்க்ரூ போதும். நெற்றியில், முடி மறைக்காத இடத்தில் பிளேட் வைக்காதீர்கள், தோலுக்குள் தடித்துத் தெரியும். பிறகு, உள்ளே கசியும் ரத்தத்தை வெளியே உறிஞ்ச ஒரு ட்ரெயின் (குழாய்). இதில் உறிஞ்சும் விசையை முழுதாக வைக்க வேண்டாம். எல்லாம் சரியாக முடிந்த பிறகு மூளை திடீரென வீங்கி இறப்பது அரிதாக நடக்கிறது. ட்ரெயினின் வலுவான உறிஞ்சல் அதற்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படுகிறது. 24 முதல் 48 மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

இப்போது பொருள். சொந்த எலும்பு கிருமியில்லாமல், முழுத் துண்டாக இருந்தால் அதுதான் முதல் தேர்வு. பல துண்டாக உடைந்திருந்தால் கரையும் என்று எதிர்பார்க்க வேண்டும். போன் சிமெண்ட் மலிவு, வலுவானது. 40 கிராம் தூளுக்கு 20 மி.லி. திரவம்; கலந்து மாவுப் பதம் வரும்போது உருவம் கொடுக்கிறார்கள். இறுகும்போது கை வைக்க முடியாத சூடு வரும். தலையின் மேலேயே இறுகவிடுவதாக இருந்தால் அடியில் ஈரத்துணி வைத்துக் குளிர்ந்த சலைன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். இதைவிட நல்லது, சி.டி.யில் நல்ல பக்கத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி, 3டி பிரிண்டரில் அச்சு எடுத்து, அதில் முன்கூட்டியே வார்ப்பது. இப்படி வார்த்ததை ஆட்டோகிளேவில் போட்டால் வளைந்துவிடும், எத்திலீன் ஆக்சைடு வாயுவால்தான் கிருமி நீக்க வேண்டும். நிறையத் துளைகள் இட்டால் அடியில் நீர் தேங்காது. டைட்டானியம் மெஷ் லேசானது, எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடையில்லை, ஆனால் மெலிந்த தோலுக்கு அடியில் அதன் விளிம்பு சில வருடம் கழித்துக்கூடத் தோலை அரித்து வெளியே வரும். பீக் (ஒரு வகை உறுதியான பிளாஸ்டிக்) தகடு வடிவில் கச்சிதம், ஸ்கேனில் படத்தைக் கெடுக்காது. விலைதான் எட்டாது, எலும்போடு ஒட்டவும் ஒட்டாது. தோல் நன்றாக இருப்பவருக்கு ஒழுங்காக வார்த்த சிமெண்ட் தகடே போதும் என்பது என் கருத்து. கடன் வாங்கி பீக் போட வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போன பிறகு கவனிக்க வேண்டியவை: தழும்பில் சிவப்பு, நீர் கசிவு, காய்ச்சல், வலிப்பு, தூக்கக் கலக்கம், விரலால் அழுத்தினால் எலும்பு அசைவது. மாதங்கள் கழித்து விளிம்பில் மெல்லப் பள்ளம் விழுந்தால் எலும்பு கரைகிறது என்று அர்த்தம், சி.டி. எடுக்க வேண்டும். உள்ளே சீழ் பிடித்தால் மாத்திரையால் தீரும் என்று காத்திருப்பது வீண். பொதுவாக, வைத்ததை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு. மண்டை வளர்ந்துகொண்டிருக்கும், வார்த்த தகடு வளராது. அதனால் முடிந்தவரை சொந்த எலும்பு. ஆனால் அவர்களிடம்தான் அது அதிகம் கரைகிறது. மண்டை ஓடு இரண்டு அடுக்காகத் தடித்த வயதில், நல்ல பக்கத்து எலும்பைப் பிளந்து ஓர் அடுக்கை எடுத்து வைக்கலாம். மிகச் சின்னக் குழந்தைக்கு மூளை உறையே சிறிய ஓட்டையில் புது எலும்பை உண்டாக்கிவிடும், காத்திருப்பதே வைத்தியம்.

டிஸ்சார்ஜ் தாளில் சில வரிகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எலும்பை எடுத்தபோது: எந்தத் தேதி, எந்தப் பக்கம், வயிற்றிலா உறைபெட்டியிலா, எத்தனை துண்டு, கிருமிப் பரிசோதனை முடிவு என்ன, மூளை உறையில் செயற்கை ஒட்டு ஏதாவது வைத்தார்களா. வைத்தபோது: எந்தப் பொருள், தகட்டுப் பெட்டியில் வந்த ஸ்டிக்கர், எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா. ஸ்டிக்கரை ஃபைலில் ஒட்டி, போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.