தலையை எண்ணுவேன், கையை எண்ண மாட்டேன்

சபையின் கோடைகால வாலிபர் முகாமில் ஒரு குழுவைப் பொறுப்பேற்க முடியுமா என்று போதகரின் மனைவி கேட்டபோது, எனக்குப் பாட வராது, கிட்டார் தெரியாது, பிரசங்கம் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உள்ளதைச் சொன்னேன். “அதற்கெல்லாம் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். தலை எண்ணத்தான் யாரும் இல்லை” என்றார். தணிக்கை அலுவலகத்தில் பிழைப்பு நடத்துகிறவள் நான். அதற்கு மேல் மறுப்புச் சொல்ல வழியில்லை.

கோடை முகாம் என்ற ஏற்பாடு ஆதித் திருச்சபைக் காலத்திலிருந்து வந்தது போலச் சிலர் பேசுவார்கள். உண்மையில், 1885-ல் சம்னர் டட்லி என்பவர் நியூயார்க் மாநிலத்தில் 7 சிறுவர்களை ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப்போய்க் கூடாரம் போட்டார், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் முகாம்களுக்குத் தொடக்கம் அது. அதற்கும் முன்னால், 1868-ல், வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்று மணலில் எழுதினார். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்த எழுத்துக்களைக் கூழாங்கல்லாலும் கடற்பாசியாலும் அலங்கரிக்கச் சொன்னார். எனக்கு ஸ்பியர்ஸைப் பிடிக்கும். பிள்ளைகளின் கைக்கு வேலை கொடுத்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறந்திருக்கிறார்.

முகாமுக்கு முன் தொண்டர்கள் எல்லோருக்கும் ஒரு பயிற்சி நடந்தது. விண்ணப்பப் படிவம், நற்சான்று தர இரண்டு பேர், பின்னணிச் சரிபார்ப்பு, பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி ஒரு முழு அமர்வு. மூத்த விசுவாசி ஒருவர் கொதித்துப்போனார். “என் வாழ்நாளெல்லாம் இந்தச் சபையில் இருக்கிறேன். என்னையே சந்தேகப்படுகிறீர்களா?” தணிக்கையில் நான் நாள்தோறும் கேட்கும் வசனம் இது. நேர்மையானவர் கையெழுத்துப் போட அரை நிமிடம்கூட ஆகாது, ஐயா, போடுங்கள் என்றேன். முறைத்தார், போட்டார்.

அவருக்கு அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். இங்கிலாந்தில் இவர்ன் முகாம்கள் என்று புகழ்பெற்ற கிறிஸ்தவ முகாம்கள் இருந்தன. ஜான் ஸ்டாட் போன்ற போதகர்களின் இளமைக்காலத்தோடு சேர்ந்தவை. அவற்றை நடத்திய அறக்கட்டளையின் தலைவராக இருந்த ஜான் ஸ்மைத், பெரிய வழக்கறிஞர், 1970-களிலும் அதன் பின்னும் பல இளைஞர்களைக் கொடூரமாகப் பிரம்பால் அடித்து வதைத்தார். 1982-லேயே உள்ளுக்குள் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. காவல்துறைக்கு யாரும் போகவில்லை. ஸ்மைத் வெளிநாடு போய் அங்கேயும் முகாம் நடத்தினார். 2024 நவம்பரில் அதைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளியானதும் இங்கிலாந்துத் திருச்சபையின் மூத்த பேராயரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலக வேண்டியதாயிற்று. அத்தனை ஆண்டு பேசாமல் இருந்தவர்களில் பெரும்பாலானோர் கெட்டவர்கள் அல்லர். ஊழியத்துக்கு அவப்பெயர் வந்துவிடக் கூடாதே என்று நினைத்த பக்தியுள்ளவர்கள். அதனால்தான் எனக்குப் பக்தியைவிடப் படிவத்தின்மேல் நம்பிக்கை அதிகம்.

விதிகள் எளிமையானவைதாம். மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாது. ஒரு பிள்ளை மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால், பேச்சு கேட்காத ஆனால் ஆட்கள் பார்க்கக்கூடிய இடத்தில் உட்கார வேண்டும். முகாம் முடிந்தபின் தனிப்பட்ட முறையில் நடுராத்திரிக் குறுஞ்செய்திகள் கூடாது. எல்லாவற்றிலும் கடினமானது இது: “யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்தானே, அக்கா?” என்று கேட்டால், சரி என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. “உனக்கு ஆபத்து என்று தெரிந்தால், உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம் சொல்கிறேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்” என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும் என்று பயந்தேன். ஒரு பெண் சற்று நேரம் யோசித்துவிட்டுப் பேசத்தான் செய்தாள்.

முகாமின் பகல் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் எண்ணு, ஆராதனைக்கு முன் எண்ணு, தண்ணீரில் இறங்குமுன் எண்ணு, ஏறியபின் எண்ணு. நீச்சலில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். ஆஸ்துமா இருக்கிற பிள்ளையின் இன்ஹேலர் பையின் அடியில் கிடக்காமல் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் குழுவில் 13 முதல் 15 வயதுக்குள் எட்டுப் பெண்கள். எட்டு இருக்கிற வரைக்கும் நான் நிம்மதியானவள். ஏழு என்றால் அந்த அரை நிமிடத்தில் நான் செய்யும் ஜெபம்தான் முகாமிலேயே மிகவும் ஊக்கமான ஜெபம்.

தூக்கத்துக்காகச் சண்டை போட்டேன். நிகழ்ச்சி நிரலில் இரவு 11 மணி வரை கூட்டம், அதிகாலை 5 மணிக்கு ஜெபம். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. “இயேசு இருட்டோடே எழுந்து ஜெபம் செய்யவில்லையா?” என்று ஓர் அண்ணன் வசனம் காட்டினார். அவர் தனியாக எழுந்து போனார், சீடர்களை மணியடித்து எழுப்பவில்லை என்றேன். வேதத்தில், துரோவா பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல் நள்ளிரவு வரை நீட்டிப் பிரசங்கித்ததில் ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலிலேயே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததையும் நினைவூட்டினேன். பவுல் கீழே இறங்கிப்போய் அவனைத் தழுவிக்கொண்டார், பையன் பிழைத்தான். நம் முகாமில் அந்த வரம் பெற்றவர் யாரென்று கேட்டேன். சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து ஜெபம் 6.30-க்குத் தள்ளிப்போனது.

வீட்டு ஏக்கத்துக்கு வருகிறேன். முதல் இரவிலேயே ஒரு பெண் தலையணைக்குள் முகம் புதைத்துக்கொண்டாள். வீட்டில், “பிடிக்கவில்லை என்றால் போன் செய், உடனே வந்து கூட்டிக்கொண்டு போகிறோம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் செய்யக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2007 அறிக்கை சொல்கிற காரியமும் அதுதான். அப்படிச் சொன்னால், உன்னால் இங்கே இருக்க முடியாது என்று பெற்றோரே நினைப்பதாகப் பிள்ளைக்குத் தோன்றிவிடுகிறது. அழாதே என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இந்நேரம் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்டேன். தம்பி படுக்கையை நனைத்திருப்பான் என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் பகலில் அவளுக்குப் பாட்டுப் புத்தகங்களை எடுத்துவைக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். வேலை இருக்கிறவளுக்கு ஏங்க நேரம் குறைவு.

இனி, நான் எழுத வந்த விஷயம். கடைசி இரவு, தீயைச் சுற்றி எல்லோரும். பாட்டு மெதுவாகிறது, பிரசங்கியாரின் குரல் தாழ்கிறது. கண்களை மூடுங்கள், வாழ்க்கையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள், முன்னால் வாருங்கள். ஒருத்தி அழ ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவளுக்கும் தொற்றிக்கொள்கிறது. பல நாள் களைப்பு, நாளைக்குப் பிரிந்துவிடுவோம் என்ற துக்கம், தோழி எழுந்து போய்விட்டாள் என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்த கண்ணீர் அது. தேவன் அதற்குள்ளும் செயல்படலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னால் வரச் சொல்லும் இந்த அழைப்பு 1830-களில் சார்ல்ஸ் ஃபின்னி என்ற அமெரிக்கப் பிரசங்கியார் பரப்பிய முறை. வேதத்தில் இட்ட கட்டளை ஒன்றுமில்லை. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று இயேசு கேட்டார். கணக்குப் பார்க்க உட்கார வேண்டும், விழித்திருக்க வேண்டும். இரவு பத்தரை மணிக்கு 14 வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

நிர்வாகக் குழுவின் படிவத்தில் ‘ஒப்புக்கொடுத்தோர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நான் நிரப்பவில்லை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு நான் மட்டும் திறந்துவைத்து எண்ணுவதா?

அன்று இரவு என் குழுவில் கை உயர்த்தாத ஒரு பெண், மற்றவர்கள் தூங்கியபின் என்னைத் தேடி விளக்கெரியும் வராந்தாவுக்கு வந்தாள். “எல்லோரும் அழுதார்கள், அக்கா. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. என்னைக் கர்த்தருக்குப் பிடிக்கவில்லையா?”

எனக்குச் சட்டென்று, சிறுவன் சாமுவேலை வளர்த்த ஆசாரியர் ஏலிதான் நினைவுக்கு வந்தார். அவரை யாரும் முன்மாதிரியாகச் சொல்வதில்லை. சொந்தப் பிள்ளைகள் ஆலய வாசலில் செய்த அக்கிரமம் காதுக்கு வந்தும், கண்டித்ததோடு நின்றுவிட்டவர். ஆனால் இரவில் கர்த்தர் கூப்பிட்டதை ஏலியின் குரல் என்று நினைத்து, சாமுவேல் திரும்பத் திரும்ப ஓடி வந்து நின்றபோது ஒரு காரியம் சரியாகச் செய்தார். அழைத்தது நான்தான் என்று சொல்லவில்லை. இதோ கர்த்தர் இப்படிச் சொல்கிறார் என்று தாமாக ஒரு செய்தியும் கட்டிக் கொடுக்கவில்லை. போய்ப் படுத்துக்கொள் என்றார். மூன்றாம் முறை, இன்னொரு தடவை கூப்பிட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொடுத்தார்.

“பிடிக்காமல் இல்லை. அழுகை வராதது பாவமும் இல்லை. எனக்கும் இப்படிப்பட்ட இரவுகளில் அழுகை வராது” என்றேன். அப்படியானால் நீங்கள் எப்போது ஒப்புக்கொடுத்தீர்கள் என்று கேட்டாள். ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக, இன்னும் முடியவில்லை என்றேன். இருவரும் சேர்ந்து சின்னதாக ஜெபம் செய்தோம், போய்ப் படுத்தாள். மறுநாள் காலையில் அவளிடம் எந்த மாற்றத்தையும் நான் காணவில்லை. பல் துலக்கத் தாமதமாக வந்தாள், வழக்கம்போல.

முகாம் முடிந்ததும் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அழைப்பை முகாமின் நடுவில் ஒரு நாள் காலையில் வைத்து, யோசித்துப் பதில் சொல்ல மீதி நாட்களைக் கொடுங்கள். அந்த எண்ணிக்கைக் கட்டத்தை எடுத்துவிட்டு, ‘இந்தப் பிள்ளையை இனி வாரந்தோறும் விசாரிக்கப்போகிறவர் யார்’ என்று கேளுங்கள். கூடிப் பேசினார்கள். கடைசி இரவு காலங்காலமாக வருகிற வழக்கம், மாற்ற முடியாது என்றார்கள். புதிய கட்டத்தைச் சேர்த்துவிட்டார்கள், பழையதையும் விட்டுவைத்திருக்கிறார்கள். புதியதில் எட்டுப் பெயருக்கு எதிரேயும் ஆள் போட்டாயிற்று. பழையது என் படிவத்தில் காலியாகவே இருக்கிறது, இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.