துவோல் ஸ்லெங்குக்கு இரண்டு தடவை

கம்போடியாவுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் தலைநகர் நாம் பென்னில், முன்பு சிறையாக இருந்து இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் துவோல் ஸ்லெங்கையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். 2019 அக்டோபரில் நானும் போனேன். மறுநாள் காலையிலேயே திரும்பவும் அதே வாசலில் போய் நிற்பேன் என்று அப்போது நினைக்கவில்லை. நடுவில் ஒரு ராத்திரி ஒரு புத்தகம் படித்தேன், அதனால்தான்.

உள்ளே நுழைந்தால் சிறை மாதிரியே தெரியாது. அது பள்ளிக்கூடம். மூன்று மாடிக் கட்டடங்கள், நீளத் தாழ்வாரங்கள், கட்டம் போட்ட தரை, முற்றத்தில் மரங்கள். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படை நாம் பென்னைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளைக்கூட விட்டுவைக்காமல் ஊர் முழுவதையும் வயல்வெளிக்கு விரட்டினார்கள். ஆளில்லாத நகரத்தில் இந்தப் பள்ளிக்கூடம் எஸ்-21 என்ற ரகசியச் சிறை ஆயிற்று. வகுப்பறைகளில் இரும்புக் கட்டில் போட்டார்கள், விலங்கு பூட்டினார்கள். சிறையின் தலைவர் டுக், முன்பு கணக்கு வாத்தியார்.

முதல் நாள் என்னால் தாங்க முடியாமல் போனது புகைப்படங்கள். வந்து இறங்கியதும் ஒவ்வொரு கைதியையும் உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். சுவர் சுவராக முகங்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண். மீசை முளைக்காத பையன்கள். கொண்டுவரப்பட்டவர்கள் 12,000 பேருக்கும் மேல். 1979 ஜனவரியில் கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் ஆட்சி விழுந்தபோது அவர்களில் உயிரோடு மிஞ்சியவர்களை ஏறக்குறைய இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அப்படி மிஞ்சியவர்களில் ஒருவர் சும் மெய். வெளியே போகும் வழியில், முற்றத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து தன் நினைவுக் குறிப்புப் புத்தகத்தை விற்றுக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட தொண்ணூறு வயது. எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டு கும்பிட்டேன், வந்துவிட்டேன்.

ராத்திரி அறையில் படிக்க ஆரம்பித்தேன். அவர் ஒரு மெக்கானிக். 1978 அக்டோபரில், வியட்நாம் பக்கம் வண்டிகளை ரிப்பேர் பார்க்கப் போகவேண்டும் என்று சொல்லி அழைத்து, நேரே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். 12 நாள் சித்திரவதை. அடி, காதில் மின்சாரம், கால் நகத்தைப் பிடுங்கினார்கள். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் ஆள் என்று ஒப்புக்கொள் என்றார்கள். சி.ஐ.ஏ. என்றால் என்னவென்றே தெரியாத மனிதர் அவர். கடைசியில் ஒப்புக்கொண்டார். தெரிந்தவர்களின் பெயர்களையும் சொன்னார். சொன்னால்தான் அடி நிற்கும். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களைத் தேடி வண்டி போகும். எஸ்-21 அப்படித்தான் தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே உண்டாக்கிக்கொண்டது. கட்சிக்காரர்களும் காவலாளிகளும்கூட ஒருநாள் அதே தரையில் விலங்கோடு கிடந்தார்கள்.

அவரைக் கொல்லாமல் விட்டதற்குக் காரணம் அவருடைய கைத்தொழில். தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பார், தட்டச்சு மெஷினும் பார்ப்பார். அந்த மெஷினில்தான் வாக்குமூலங்களைத் தட்டினார்கள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடிப்பதைப் பற்றிப் படித்தபோது வந்தது கோபம். இதைப் படித்தபோது பயம் வந்தது. ஒரு மெஷின் கெட்டுப்போனால் அவர்களுக்கு வேலை நின்றுபோகிறது, அதனால் ஒரு மனிதரை உயிரோடு வைக்கிறார்கள். மற்றவர்களின் உயிருக்கு அந்தத் தேவைகூட இல்லை. கொடூரம் என்றால் வெறி பிடித்தவன் செய்வது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கே கோப்பு இருந்தது, வரிசை எண் இருந்தது. கைதி தூக்கத்தில் புரண்டு படுக்கவும் காவலாளியிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று விதி இருந்தது.

அப்புறமும் படித்தேன். 1979 ஜனவரியில் வியட்நாம் படை வந்தபோது காவலாளிகள் மிச்சமிருந்தவர்களை ஓட்டிக்கொண்டு வெளியேறினார்கள். வழியில் மனைவியைப் பார்க்கிறார், அவள் கையில் குழந்தை. சேர்ந்து இருந்தது கொஞ்ச நேரம்தான். சுட ஆரம்பித்ததும் அவரை ஓடச் சொல்லிக் கத்தியிருக்கிறாள் அந்தப் பெண். அவர் தப்பித்தார். மனைவியும் குழந்தையும் தப்பிக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, தன்னை அடித்தவர்களும் பலியானவர்களே என்கிறார் அவர். அவர்கள் இடத்தில் தான் இருந்திருந்தால், மறுத்தால் சாவு என்ற நிலையில், வேறு மாதிரி நடந்திருப்பேன் என்று தன்னால் சொல்ல முடியாதாம். எனக்கு அது ஒப்பவில்லை. இப்போதும் ஒப்பவில்லை. பயந்து அடித்த பையனை மன்னிக்கலாம். யாரை அழிப்பது என்று பட்டியலில் எழுதிக் கையெழுத்துப் போட்ட டுக்கை எப்படி? 2009இல் நீதிமன்றத்தில் டுக்குக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் சும் மெய்யும் ஒருவர். டுக்குக்கு 2012இல் ஆயுள் தண்டனை உறுதியானது. நான் போனபோது சிறையில் இருந்தார், 2020இல் இறந்தார்.

மறுநாள் சோயுங் எக் போவதாகத்தான் திட்டம். நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கைதிகளை லாரியில் ஏற்றிப்போய்க் கொன்று புதைத்த இடம். தோட்டாவை மிச்சப்படுத்த மண்வெட்டியாலும் இரும்புத் தடியாலும் அடித்தே கொன்றார்கள். சுமார் 9,000 பேரின் எலும்புகளை அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். மத்தியானம் அங்கும் போனேன். மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து துணிக்கிழிசல் மேலே வந்திருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

காலையில் முதலில் துவோல் ஸ்லெங் போனேன். வகுப்பறைக்குள் செங்கல் வைத்துச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த கட்டடத்துக்கு நேரே போனேன். முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்த இடம். ஒரு அறை 80 சென்டிமீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம். உள்ளே நின்று கையை விரித்தேன். முழங்கை நிமிர்வதற்குள் இரண்டு பக்கமும் சுவர் இடித்தது. அவசரத்தில் கட்டியது, செங்கல் வரிசை கோணலாக இருக்கிறது. சிமென்ட் பிதுங்கி அப்படியே காய்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பூசிய வேலை. கலவை குழைத்திருப்பார், நடுவில் சாப்பிட்டிருப்பார்.

கீழே அதே கட்டம் போட்ட தரை. தாழ்வாரத்தில் இன்னொரு கூட்டம் வந்து வரிசையில் நின்றது. அறைக்குள் ஒரு ஆளுக்குத்தான் இடம். நான் பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்தேன்.