யூரோ-மெட் பாடம்: தேதியை விடுங்கள், வரைபடத்தை எடுங்கள்

எம்.ஏ. சர்வதேச உறவுகள் படித்தபோது ஐரோப்பா-மத்தியதரைக்கடல் ஒத்துழைப்புப் பாடத்தில்தான் எனக்கு மதிப்பெண் போனது. 1995 நவம்பர் 27, 28 பார்சிலோனா மாநாடு, 2008 ஜூலை 13 பாரிஸ் உச்சிமாநாடு என்று தேதி எல்லாம் மனப்பாடம். கேள்வியோ, பார்சிலோனாவில் தொடங்கிய அந்தக் கூட்டு முயற்சி ஏன் தளர்ந்தது என்று வந்தது. பக்கம் நிறைய எழுதினேன், ஆனால் காரணம் ஒன்றுகூட எழுதவில்லை.

அடுத்த முறை கடலை ஒரு தாளில் வரைந்து, பார்சிலோனாவுக்கு வந்த நாடுகளைச் சுற்றிலும் குறித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 15, தெற்கிலும் கிழக்கிலுமிருந்து 12. அந்தப் பன்னிரண்டில் இஸ்ரேல், சிரியா, லெபனான், பாலஸ்தீன நிர்வாகம் நான்கும் இருக்கின்றன என்பதைக் கவனித்தபோதுதான் பாடமே புரிந்தது. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்துகொண்ட ஆஸ்லோ சமாதான ஒப்பந்தம் தந்த நம்பிக்கையில்தான் இவர்களை ஒன்றாக உட்கார வைக்க முடிந்தது. ஆனால் மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்புதான், நவம்பர் 4 அன்று, இஸ்ரேல் பிரதமர் ராபின் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். சமாதானப் பேச்சு சரியச் சரிய இந்த மேடையும் சேர்ந்தே சரிந்தது. 2010க்குள் தடையற்ற வர்த்தகப் பகுதி என்ற இலக்கும் எட்டவில்லை. லிபியா ஏன் இல்லை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பு விவகாரத்தில் ஐ.நா. தடை அப்போது அதன்மேல் இருந்தது.

அப்புறம் 2008. கடலோர நாடுகள் மட்டும் போதும் என்பது அப்போதைய பிரான்ஸ் அதிபர் சார்கோசியின் முதல் யோசனை. ஒன்றியத்தின் பணத்தைச் சில நாடுகள் மட்டும் பயன்படுத்துவதா என்று அப்போதைய ஜெர்மனி சான்சலர் மெர்க்கெல் எதிர்த்ததால் எல்லாரும் உள்ளே வந்து 43 நாடுகளின் 'மத்தியதரைக்கடல் ஒன்றியம்' ஆனது. அந்த டிசம்பரிலேயே காசாவில் போர் வெடித்துக் கூட்டங்கள் நின்றன. இதை எழுதும்போது கடல் மாசு நீக்கம், சூரிய மின்சக்தி போன்ற திட்டங்களையும் சேர்த்து எழுதுங்கள். அரசியல் முட்டி நின்ற இடத்தில் வேலை நகர்ந்தது இவற்றால்தான், என் பார்வையில் இந்தப் பாடத்தின் உயிரே அதுதான்.

பலரும் இந்தக் கூட்டு மேடையை ஐரோப்பிய ஒன்றியத்தின் அண்டைநாட்டுக் கொள்கையோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகப் பேசுவது, உக்ரைன், ஜார்ஜியாகூட அதில் உண்டு.

நேரம் இருந்தால் 1990இல் ரோமில் தொடங்கிய 5+5 குழுவையும் பார்த்துவிடுங்கள். மத்தியதரைக்கடலின் மேற்குப் பகுதியில் வடக்கே ஐந்து, தெற்கே ஐந்து என்று பத்து நாடுகள் மட்டும், லிபியா உண்டு, இஸ்ரேலும் சிரியாவும் இல்லை. இரண்டாவது தடவை என் விடையில் பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் இதை வைத்துத்தான் ஒப்பிட்டு எழுதினேன்.