ஏழாவது ஓவியத்தின் எதிரே

இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நான்கு ஆண்டுகள் ஓவியக்கூடக் காவலராக வேலை பார்த்தேன். காலையில் உள்ளே போகும்போதே, வாயில் கோபுரச் சுவரிலிருந்து சுடுமண் உரோமப் பேரரசர்கள் பார்ப்பார்கள். 1521இல் இத்தாலியச் சிற்பி ஜொவான்னி தா மயானோ, மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சரான கார்டினல் வுல்சிக்காகச் செய்த தலைகள். சில ஆண்டுகளில் அரண்மனை ஹென்றியின் கைக்குப் போனது. பேரரசர்களும் கூடவே போனார்கள்.

என் நாற்காலி இத்தாலிய ஓவியர் மன்தேன்யாவின் ‘சீசரின் வெற்றி ஊர்வலம்’ தொங்கிய கூடத்தில் இருந்தது. துணியில் தீட்டிய ஒன்பது ஓவியங்கள், ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரம். விளக்கைக் கூட்டச் சொல்லிப் பலர் கேட்பார்கள். அதிக ஒளி இந்த வண்ணத்துக்கு ஆகாது என்று விளக்குவேன். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் மந்துவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்துக்காக வரைந்தவை. சிறிய அரசு, சீசரின் நிழலில் நின்றால் பெரிதாகத் தெரியும். 1629இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் அவற்றை விலைக்கு வாங்கினார்.

எல்லோரும் யானைகளைப் பார்த்துவிட்டு, தேரில் வரும் சீசரிடம் போய்விடுவார்கள். எனக்கு அந்த முகத்தில் களைப்புதான் தெரியும், களிப்பு தெரியாது. அதற்கு இரண்டு ஓவியங்கள் முன்னால், ஏழாவதில், கைதிகள் நடக்கிறார்கள், பெண்களும் குழந்தைகளுமாக. 1962இல் தொடங்கிய சீரமைப்பில் மற்ற ஓவியங்களின் மேல் பின்னாளில் பிறர் பூசிய வண்ணத்தை நீக்கினார்கள். இதை மட்டும் விட்டுவிட்டார்கள். அடியில் மன்தேன்யாவின் கைவண்ணம் மிஞ்சவில்லை. அதனாலேயே யாரும் இதன் முன் நிற்பதில்லை. எனக்கு அது பொறுக்காது. வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

1647 ஆகஸ்டில் உள்நாட்டுப் போரில் தோற்ற சார்லஸை இதே அரண்மனையில்தான் காவலில் வைத்தார்கள். தன் பணத்தில் வாங்கிய வெற்றி ஊர்வலம் இருந்த இடத்திலேயே அவர் கைதியானார். நவம்பரில் தப்பினார், 1649 ஜனவரியில் தலை வெட்டப்பட்டது. அவருடைய ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தன. இந்த ஒன்பதுக்கும் ஆயிரம் பவுண்டு மதிப்பிட்டார்கள், ஆனால் விற்கவில்லை. மன்னரை வீழ்த்திய கிராம்வெல்லுக்கும் சீசர் தேவைப்பட்டார். 1650களில் அவரே இந்த அரண்மனையில் குடியேறினார்.

இதைச் சொல்லி முடித்ததும் பலர் திரும்பிப்போய்க் கைதிகளின் முன் நிற்பார்கள். நாற்காலியை அங்கே நகர்த்திக்கொள்ளலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். சம்மதித்தார்.